அழிக்காத மெசேஜ்

சென்னையில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த வேல்விழி விருத்தாசலத்துக்கு வந்தால் போதும், தெருவே வந்து யோசனை கேட்கும். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று. அந்த முறை அவளுடைய அக்கா சண்முகப்ரியாவே கேட்டாள்.

"விழி, யாரு மெசேஜ் அனுப்பினாலும் இந்த போனுக்கு வர மாட்டேங்குது. என்னான்னு பாரேன்."

வேல்விழி வாங்கிப் பார்த்தாள். "இன்பாக்ஸு ரொம்பிப்போச்சுக்கா. பழசையெல்லாம் அழிச்சிடு, வந்துடும்."

அக்கா சட்டென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அதெல்லாம் அவரு அனுப்பினதுடி."

அக்காவின் கணவர் ராஜ்மோகன் பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவர். ஐப்பசி மழையில் மங்கலம்பேட்டை ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார்.

வேல்விழி போனை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மெசேஜையும் லேப்டாப்பில் அடித்தாள். 'ஷிப்டு முடிஞ்சிடுச்சு.' 'பால் வாங்கவா?' 'சாப்ட்டியா?' எல்லாம் இப்படித்தான் இருந்தன. கடைவீதியில் பிரிண்ட் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தாள்.

"இனிமே தைரியமா அழிக்கலாம்க்கா. ஒண்ணும் போயிடாது."

அக்கா படித்தாள். படிக்கப் படிக்கக் கண்ணீர் தாளில் விழுந்தது. "இது நீ அடிச்ச எழுத்துடி. போனத் தொறந்தா அவரு பேருதானே வருது."

வேல்விழி போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் வேறொரு போனும் சிம்மும் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். அக்கா புது நம்பரை எல்லோருக்கும் கொடுத்தாள். பழைய போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாள்.