மெதுவாக இழுத்த சாய்கோடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும் என்பது ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்க் ஊருக்கே தெரியும். அந்த வாரம் அது கீழே இறங்கவே இல்லை. ஒன்பது நாளில், கணினிக்குப் படம் வரைகிற டேப்லெட் மூன்று வாங்கி, மூன்றையும் திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்றும் குப்பை.

நான் நாசெலி. சினிமாவுக்கு மிருகம் செய்கிறவள். களிமண்ணில் இல்லை, கணினியில். டேப்லெட் மேல் பேனாவை அழுத்தி இழுத்தால் போதும், திரையில் இருக்கும் உருண்டையில் மூக்கு எழும்பும், கண் குழியும், தோலில் சுருக்கம் விழும். பதினாறு வருஷம் ஒரு பெரிய ஸ்டுடியோவில் இதே பிழைப்பு. "நாசெலி கை பட்டா மிருகம் மூச்சு விடும்" என்பார்கள் அங்கே. போன வசந்தத்தில் எங்கள் பிரிவையே இழுத்து மூடி, ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டேப்லெட் அவர்களுடையது, அது அங்கேயே தங்கிவிட்டது.

ஆறு மாதம் ஈ ஓட்டிய பிறகு ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டது. ஒரு கடல் மிருகத்தின் தலை. திங்கட்கிழமை ஆரம்பம், வீட்டிலிருந்தே வேலை. ஆனால் இயக்குநர் தன் வீட்டில் உட்கார்ந்தபடி என் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தாடையை இறக்கு என்பார், கண்ணைச் சின்னதாக்கு என்பார், அவர் பார்க்கப் பார்க்க நான் செய்ய வேண்டும். முதல் நாள் என் கை அவருக்குப் பிடித்துப்போனால் ஏழு மாத வேலை. பிடிக்காவிட்டால் வேறு கதவு எனக்கு இல்லை.

அதனால்தான் டேப்லெட்டில் அவ்வளவு கறார். இத்தனை வருஷமும் நான் பிடித்தது பழைய வகை. கறுப்புப் பலகை மடிப்பக்கம் கிடக்கும், கண் எதிரே இருக்கும் திரையில் இருக்கும். இந்தத் தடவை திரையோடு சேர்ந்த வகைதான் வேண்டும், உருவத்தின் மேலேயே பேனாவை வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சரியென்று அதையே வரவழைத்தேன்.

புது டேப்லெட் வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது ஒன்றே ஒன்று. பேனாவை ஒரு மூலையில் வைத்து, ஆமை வேகத்தில் ஒரு சாய்கோடு இழுப்போம். வேகமாக இழுத்தால் எந்தப் பலகையும் நல்ல பலகைதான், மெதுவாக இழுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மட்டமான சரக்கில் கோடு நெளியும். என்னிடம் வந்த மூன்றிலும் நெளிந்தது. கடைக்கு நான் எழுதிய கடிதங்களை இங்கே சொல்ல முடியாது.

கடைக்காரர் வெண்டல் கடைசியில் போன் செய்தார். சனிக்கிழமை நேரில் வாருங்கள், இருப்பதையெல்லாம் மேசையில் போட்டுவிடுகிறேன், நீங்களே பார்த்து எடுங்கள் என்றார். என் வீட்டுக்காரன் ராஃபிதான் காரை ஓட்டினான். டேப்லெட் செய்கிற கம்பெனிகளில் எல்லாம் என் போட்டோவை வாசலில் மாட்டி, இந்தம்மா வந்தால் கதவைச் சாத்து என்று எழுதியிருப்பார்கள் என்று வழியெல்லாம் என்னைக் கிண்டலடித்துக்கொண்டே வந்தான்.

வெண்டல் சொன்னபடியே நான்கு டேப்லெட்டை வரிசையாக மாட்டி வைத்திருந்தார். இரண்டு திரையோடு, இரண்டு திரை இல்லாமல். உட்கார்ந்தேன், இழுத்தேன். நெளிந்தது. அடுத்தது, அதுவும் நெளிந்தது. நான்காவதிலும் நெளிந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கழித்துக் கட்டிய சரக்கையெல்லாம் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். கடையின் மின்சாரத்தைத் திட்டினேன். மேசை ஆடுகிறது என்றேன். மனுஷன் வயரை மாற்றினார், மேசைக் காலுக்கு அட்டை வைத்தார். மறுபடி இழுத்தேன். அதே நெளிவு.

"மேடம், அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

என் கோட்டுக்குக் கீழே அவர் ஒரு கோடு இழுத்தார். நேராகப் போனது. நான்கிலும் இழுத்தார், நான்கிலும் நேர்கோடு. அவர் ஒன்றும் ஓவியர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்பெட் ஊதுகிறவர். நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள் என்றேன். இன்னும் மெதுவாக இழுத்துக் காட்டினார். அதுவும் நேராகத்தான் இருந்தது.

கல்லாப் பக்கம் கிடந்த பென்சிலைப் பிடுங்கி, ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு இழுத்தேன். வயர் இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் காகிதம். கோடு நெளிந்தது.

பில்லைக் கவிழ்த்து வைத்தேன்.

வெண்டல் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார், ஸ்டுடியோவில் கோட்டைச் சீராக்குகிற அமைப்பை நூற்றுக்கு எத்தனையில் வைத்திருந்தீர்கள் என்று. எங்கள் மென்பொருளில் அப்படி ஒன்று உண்டு. கையின் சின்னச் சின்ன உதறலை அதுவே விழுங்கிவிட்டு, திரையில் நல்ல கோட்டை மட்டும் காட்டும். புதிதாக மாட்டிய டேப்லெட்டில் அது பூஜ்யத்தில்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்தபோது நான் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். இருபதில் வைத்தவர்களைப் பார்த்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டீர்களோ என்று கேலி செய்திருக்கிறேன். பிறகு ஒரு வருஷம் பத்து ஆனது, புதுப் பேனா சரியில்லை என்று. அப்புறம் நாற்பது, நாற்காலி உயரம் என்று. பிரிவை மூடியபோது தொண்ணூறு. ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை. கண் திரையில் இருக்கும்போது மடிப்பக்கம் கிடக்கும் கையை எவள் பார்ப்பாள்?

இப்போது பார்த்தேன். மேசையில் வைத்தால் சும்மா கிடந்தது. பேனாவைத் தூக்கினால் கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஆடியது.

ராஃபி பக்கம் திரும்பினேன். ஏதாவது கிண்டல் செய்வான், இது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஆச்சரியமும் இல்லை. வெண்டல் உள்ளே ஏதோ எடுக்கப் போகிறவர் போல நழுவிவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா உனக்குக் காபி அரைக் கப்புதான் ஊத்தறேன், நாசெலி. முழுசா ஊத்தினா கொட்டுது. நீ கப்பு கோணல்னு சொல்லி ரெண்டு செட்டைத் தூக்கிப் போட்டுட்ட."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னு வருவேன். நீ அன்னிக்குச் செஞ்ச கண்ணையோ மூக்கையோ காட்டி, எப்படின்னு கேப்ப. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

வேறு நாளாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகலாம், நானும் லீவு போடுகிறேன் என்றான். சரியென்று தலையை ஆட்டினேன்.

வெண்டல் திரும்பி வந்து, அவசரமில்லை, யோசித்து எடுங்கள் என்றார். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. திரையோடு கூடிய பெரிய டேப்லெட்டில் அந்த அமைப்பைத் தேடி நூறுக்கு ஏற்றினேன். பேனாவை வைத்து மெதுவாக இழுத்தேன். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அந்தக் கோட்டின் மேலேயே, வெளிச்சத்தில், என் கை ஆடிக்கொண்டிருந்தது. எங்கே பேனா போனாலும் அதுவும் கூடவே வந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"திரை இல்லாததைக் கட்டிக் குடுங்க" என்றேன்.