பொன்னுருக்குக்கு முன் ஒரு பெனால்டி

சேந்தனின் மாமா தில்லையம்பலம் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

பாரிசில் லா சப்பல் பக்கம், ரூ பெர்தொனேயில் சிவமணி அண்ணையின் நகைக்கடையில் நான் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். என் பெயர் மரியமலர். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஒரு சைவக் கலியாணத்தில் எது முதல், எது பிறகு என்று ஐயருக்கே எடுத்துக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். எல்லாம் இந்தப் பொன்னுருக்கால் வந்தது. தாலிக்குரிய தங்கத்தை மாப்பிள்ளை தன் கையால் எடுத்துக் கொடுக்க, எல்லோருக்கும் முன்னால் அதை உருக்க வேண்டும். ஊரில் இதை மாப்பிள்ளை வீட்டில் செய்வார்கள். இங்கே அடுக்குமாடியில் நெருப்பு மூட்டினால் அலாரம் அடித்து, ஐயருக்கு முன் தீயணைப்புக்காரர் வந்துவிடுவார்கள். அதனால் எங்கள் கடையின் பின்னறையிலேயே கும்பம் வைத்து நடத்துகிறோம். பொன் உருகிய பிறகு தாலி கட்டும் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. சிலர் இதைக் கண்டும் காணாமல் விடுவார்கள். தில்லையம்பலம் விடுகிற ஆள் இல்லை. போனிலும் கதைக்கக் கூடாது என்று அவர் புதிதாக ஒரு சட்டமும் சேர்த்திருந்தார். போனில் முகம் தெரிகிறதாம். கலியாணத்துக்கு முன் இருவரும் தனியே இருப்பதென்ற கதைக்கே அவரிடம் இடமில்லை.

மாப்பிள்ளை சேந்தனின் பொன்னுருக்குக்கு அவர் யாழ்ப்பாணத்து ஐயரிடம் கேட்டு எடுத்த நேரம் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஆறு பன்னிரண்டிலிருந்து ஆறு நாற்பத்திரண்டு வரை. கலியாணம் அதிலிருந்து எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தை மாதமே எல்லாம் முற்றாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் இருக்கும்போது கஜனி கடைக்கு வந்தாள். பொம்பிளை அவள்தான். பாரிசில் பிறந்தவள், வயது முப்பது, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். தோடு பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, மற்ற ஆட்கள் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பொன்னுருக்கு அண்டைக்கு உங்கட குசினியில நானும் சேந்தனும் ரெண்டு மணித்தியாலம் இருக்கலாமோ?"

"ஏன் பிள்ளை?"

"மட்ச் ஒண்டு பாக்க வேணும்."

எனக்கு உதைபந்து பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அவள் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இங்கிலாந்தில் இரண்டாம் பிரிவில் விளையாடும் கழகங்களில் சிலவற்றுக்கு, பருவ முடிவில் முதற்பிரிவுக்கு ஏற ஒரு கடைசி வாய்ப்புக் கொடுப்பார்கள். மிஞ்சும் இரண்டு கழகங்கள் ஒரேயொரு ஆட்டம் ஆடும். வென்றவர் மேலே, தோற்றவர் இருந்த இடத்திலேயே. அந்த ஆட்டம் லண்டனில் வெம்பிளியில் நடக்கும், நம்மவர் தோசைக்கும் கூறைக்கும் போகும் அதே வெம்பிளிதான். இந்த வருடம் அங்கே நிற்பது ஆஷ்கோமும் பிரென்ஸ்லியும்.

சேந்தன் ஆறு வயதிலிருந்து ஆஷ்கோமில் வளர்ந்தவன். அவனுடைய கழகம் முதற்பிரிவைக் கண்டு நாற்பத்தொரு வருடமாம், அதாவது அவன் பிறப்பதற்கும் முன்னால். கஜனி பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போய் ஒரு வருடம் பிரென்ஸ்லியில் இருந்தவள். அறை வாடகைக்குக் கொடுத்த கிழவி அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பைத்தியமாக்கி அனுப்பிவிட்டாள். கலியாணம் பேசி, முதல்முறை போனில் கதைத்தபோது இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. அவனுக்குப் பிரெஞ்சு வராது, அவளுடைய ஆங்கிலம் ஒரு வருடத்து ஆங்கிலம், எனவே தமிழ். சாப்பிட்டாச்சோ, மழையோ என்று போய்க்கொண்டிருந்த கதையில் எப்படியோ பிரென்ஸ்லி வந்துவிட்டது. அன்றைக்கே சண்டை. அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் அங்கேயும் இவள் இங்கேயுமாக ஆட்டம் பார்த்து, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஒரு மட்ச் எண்டாலும் பக்கத்தில இருந்து பாக்கேல்லை அக்கா. ஹோல், சாப்பாடு, கூறையின்ர நிறம் எல்லாம் மாமாவும் அப்பாவும்தான் முடிவெடுத்தவை. இது ஒண்டுதான் நாங்களாத் தேடிப் பிடிச்சது."

சேந்தன் நாளைத் தள்ளி வைக்கச் சொல்லி மாமாவிடம் கேட்டிருக்கிறான். "பந்தடிக்கு ஆரும் நாள் மாத்துறவையே" என்று அவர் போனை வைத்துவிட்டாராம். வெம்பிளி டிக்கெட்டை அவன் ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். லா சப்பலில் ஒரு கஃபேயில் இருவரும் உட்கார்ந்தால் கோப்பி ஆற முன்னம் லா கூர்னெவில் மாமா வீட்டுக்குச் செய்தி போய்விடும். கடையின் பின்னறையை ஒட்டி நான் சமைக்கும் குசினிக்கு முற்றப் பக்கமாகத் தனிக் கதவு ஒன்று உண்டு. அவள் அந்த வழியால் வந்து, பொன் உருக முன் அந்த வழியால் போய்விடுவாளாம். ஆட்டம் நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறுக்குள் முடிந்துவிடும். எனக்கு அந்தப் பிள்ளையில் இரக்கம் வந்துவிட்டது. சரி என்றேன்.

சனிக்கிழமை மோதிர அளவு பார்க்க வேண்டுமென்று பொய் சொல்லி சேந்தன் மூன்றரைக்கே வந்துவிட்டான். ஒல்லியான, கூச்சமான பையன். பட்டு வேட்டி ஒரு பையில் இருந்தது. கஜனி முற்றப் பக்கமாக வந்தாள். நேரில் அவர்கள் சந்தித்தது அதற்கு முன் மூன்று தடவைதானாம், மூன்று தடவையும் சுற்றிவரச் சனம். இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு, சேந்தனின் போனைச் சீனிப்பேணியில் சாய்த்து வைத்தார்கள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன்.

பாதி நேரத்துக்கு முன் ஆஷ்கோம் ஒரு கோல் போட்டது. சேந்தன் சத்தம் போடக் கூடாதென்று தன் கையைத் தானே கடித்துக்கொண்டான்.

"உது ஓஃப்சைட்" என்றாள் கஜனி.

"உங்களுக்கு எல்லாம் ஓஃப்சைட்தான்."

"உங்கட ஆக்களுக்குக் கண்ணும் இல்லை, வெக்கமும் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்கு வரும் சோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கலியாணத்துக்கு முன் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசி, பிள்ளைக்குக் காப்பு வாங்க வரும்போது முகம் பார்க்காமல் நிற்பார்கள். இவர்கள் வைதுகொண்டதில் இருந்த நெருக்கத்தை நான் என் மனிசனோடு இருபது வருடத்தில் கண்டதில்லை.

கடைசி நிமிடங்களில் பிரென்ஸ்லி ஒன்று திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. அதனால் மேலும் அரை மணித்தியாலம் ஆட வேண்டுமாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறுக்கு எட்டு நிமிடம்.

கடவுள் அன்றைக்கு லா சப்பலில் வாகனம் நிறுத்த இடம் கொடுக்கவில்லை. தில்லையம்பலமும் அவருடைய ஆட்களும் தேங்காய், பழத்தட்டு, கும்பச் சாமான்களோடு தெருத் தெருவாகச் சுற்றி ஆறு இருபதுக்குத்தான் கடைக்குள் வந்தார்கள். வந்ததும் வராததுமாக, "மாப்பிள்ளை எங்கை?" என்றார்.

"வேட்டி கட்டுறார். நீங்கள் பூசைக்கு அடுக்குங்கோ" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவன் முக்காலியில் இருந்தான்.

சிவமணி அண்ணைக்கு விசயம் தெரியும். அவர் பிள்ளையாரைப் பிடித்தார், குத்துவிளக்கின் திரியைத் திருத்தினார், திருத்திய திரியை மறுபடியும் திருத்தினார். குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் வெம்பிளி. மேலதிக நேரமும் முடிந்து பெனால்டிக்கு வந்துவிட்டது. பக்கத்துக்கு ஐந்து உதை. நான் கதவைச் சற்றே திறந்து பார்க்கும்போது அந்த ஒரு முழ இடைவெளி இல்லை. அவளுடைய கை அவனுடைய முழங்கையைப் பிடித்திருந்தது. பிரென்ஸ்லியின் ஐந்தாவது உதை கம்பத்துக்கு மேலால் போனது. கஜனி கண்ணை மூடிக்கொண்டாள். நாலுக்கு நாலு. இனி ஆஷ்கோமின் ஐந்தாவது உதை. அது உள்ளே போனால் நாற்பத்தொரு வருடம் முடிந்தது.

"தம்பி சேந்தன்" என்று மாமாவின் குரல் வந்தது. "நாலு நிமிசம்தான் கிடக்கு. வாங்கோ."

திரையில் ஒருவன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். சேந்தன் அசையவில்லை. மாமாவின் கால்சத்தம் கதவை நோக்கி வந்தது. கதவைத் திறந்தால் பொம்பிளையை அவனோடு தனியே காண்பார். கண்டால் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், பிறகு எந்த வருடம் எந்த நாளோ. கஜனிதான் முதலில் கையை எடுத்தாள்.

"போங்கோ" என்றாள்.

"நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான். கதவை உடம்பளவு மட்டும் திறந்து, வெளியே வந்து, முதுகால் சாத்தினான். மாமா அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பத்தின் முன் நிறுத்தினார்.

நான் குசினிக்குள் போனேன். உதைக்கப் போகிறவன் இடுப்பில் கையோடு நின்றான். நெடுநேரமாக நின்றான். பிறகுதான் கஜனியின் விரல் திரையில் இருப்பதைக் கண்டேன். ஆட்டத்தை அவள் நிறுத்தியிருந்தாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?"

"தனியப் பாக்கிறதெண்டால் நான் வீட்டிலயே பாத்திருப்பன்."

செய்தி ஏதும் வந்து முடிவைக் காட்டிவிடும் என்று சேந்தனின் போனை அணைத்து, தன் பையில் போட்டுக்கொண்டு முற்றத்துக் கதவால் போனாள். பின்னறையில் சேந்தன் தங்க நாணயத்தை எடுத்துக் கொடுத்தான். அது பொன் உருக்கும் மூசைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ஆறு நாற்பத்தொன்று. மாமா தேங்காய் உடைத்தார், பாதி பாதியாக அழகாகப் பிளந்ததென்று எல்லோருக்கும் காட்டினார்.

மூன்று நாள் கழித்து மாமாவின் மனைவியுடைய போனிலிருந்து சேந்தன் எனக்கு அழைத்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, ஆர் வெண்டதெண்டு சொல்லிப் போடாதேங்கோ. அவ சொல்லட்டும்."

"எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். அவளும் பார்க்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அது என்னுடைய கதை இல்லை.

கலியாணம் ஒபர்வில்லியேயில் ஒரு மண்டபத்தில். ஆஷ்கோமிலிருந்து சேந்தனின் வெள்ளைக்கார நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஊர்க் கழகத்துக்கு என்ன நடந்ததென்று ஒரு வாரமாக அவர்களுக்குத் தெரியும். மணவறையில் இருந்தபடியே சேந்தன் அவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். பாவங்கள், தங்கள் முகத்தில் முடிவு தெரிந்துவிடுமோ என்று மேளச் சத்தத்துக்கு நடுவிலும் செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

தாலி கட்டியாயிற்று. வாழ்த்தி அறுகரிசி போட நான் வரிசையில் நின்று மேலே ஏறியபோது, படப்பிடிப்பாளர் கமராவுக்கு மின்கலம் மாற்ற வேண்டுமென்று எல்லோரையும் நிறுத்தினார். கஜனி தோழியிடமிருந்து தன் பையை வாங்கி, சேந்தனின் போனை எடுத்து அவனுடைய மடியில் வைத்தாள்.

"ஆர் வெண்டது?" என்றான்.

"தெரியாது."

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"இல்லை."

அவன் அவளைப் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.  கஜனி அந்த ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்து, தள்ளித் தள்ளி அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். புள்ளியில் பந்து. இடுப்பில் கையோடு அதே ஆள். இரண்டு மாலைகளும் உரச, தலையோடு தலை வைத்து இருவரும் குனிந்தார்கள். திரையில் இருந்தவன் ஓடி வந்து உதைத்தான். கோல் காப்பாளர் ஒரு பக்கம் பாய, பந்து மறுபக்கம் வலைக்குள் போனது.

ஆஷ்கோம் மேலே போய்விட்டது. கஜனி சேந்தனின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழத் தொடங்கினாள். கீழே இருந்த தாய் அதைக் கண்டு அழுதாள். தாயைக் கண்டு சித்திமாரும் அழுதார்கள். தில்லையம்பலம் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"தாய் தேப்பனை விட்டுப் போற கவலை. பொம்பிளைப் பிள்ளையெல்லோ."

"ஓம் அண்ணை" என்றேன்.

சேந்தன் சிரிக்கவில்லை. தன் நண்பர்கள் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. சால்வை நுனியால் அவளுடைய கன்னத்தைத் துடைத்து, "அடுத்த வருசம் நீங்களும் மேல வருவியள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றக் கை மாலைக்குள் மறைந்திருந்தது. அதை அவன் இறுக்கிப் பொத்திப் பிடித்து, ஒருவருக்கும் தெரியாமல் மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டும் கண்டேன்.