மருதையன் சீழ்க்கை

கீழ்வேளூருக்குத் தெற்கே அம்சவல்லிக்கு இருந்தது ஒரே ஒரு ஏக்கர். உச்சவரம்புச் சட்டத்தில் மாமனார் காலத்தில் வந்த நிலம். அதற்காக அவர் பண்ணையார் ஆட்களிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அந்த நிலத்தில் கருந்தலை உள்ளான் இருக்கிறதாம். அழியப்போகிற பறவைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தாயிற்று, இனி அங்கே உழவு கூடாது என்று நோட்டீஸ் வந்தது. பண்ணையாரால் பிடுங்க முடியாததை ஒரு குருவி பிடுங்கினால் வயிறு எரியாதா? நிலம் தரிசாகக் கிடக்க, அவள் பிள்ளைகளுக்காக மறுபடி கூலிக்குப் போனாள்.

"எங்க பாத்தீங்க, யாரு பாத்தா, காட்டுங்க" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். இடத்தை வெளியே சொன்னால் வேட்டைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. அட, இந்த வட்டாரத்திலேயே பேர்போன உள்ளான் வேட்டைக்காரன் அவள் புருஷன் மருதையன்தானே! அவனும் செத்துப் போயிருந்தான். மேல்முறையீட்டில் அவள் ஜெயித்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே; அலைய விட்டுத்தான் ஆதாரத்தைக் காட்ட ஒப்புக்கொண்டார்கள்.

வனத்துறைப் பறவை ஆய்வாளர் தியாகேசன் லேப்டாப்போடு அவள் வீட்டுக்கே வந்தார். பறவையை யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம். வரப்பில் கட்டிவைத்த ரெக்கார்டரில் விழுந்த குரல்தான் ஆதாரமாம்.

"போன மார்கழியில பதிஞ்சதும்மா. கேளுங்க."

மூன்று நீண்ட சீழ்க்கை. கடைசியில் நாக்கைச் சொடுக்கியதுபோல ஒரு 'டொக்'.

அம்சவல்லியின் வலது கை தன்னால் பின்னுக்கு இழுத்தது. மருதையன் சீழ்க்கையடித்துத்தான் குருவியை இறக்குவான். இறங்கியதும் நாக்கைச் சொடுக்குவான். அதைக் கேட்டதும் வலைக்கயிற்றை இழுப்பது அவள் வேலை. கல்யாணமான நாள்முதல் இழுத்த கை அது.

"இது குருவி இல்ல சார். எங்க வீட்டுக்காரரு."

"அப்ப அவரக் கூப்பிடுங்க. நேர்ல கேட்டுக்கறேன்."

"அவரு செத்து மூணு வருசமாச்சு."

தியாகேசனுக்கு முகம் வெளிறிவிட்டது. எந்த உள்ளானும் அப்படிச் சொடுக்காது என்பது அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் விதியை விடவில்லை. "நாளைக்கு மார்கழி பொறக்குது. காலையில வந்து மாசம் முழுக்க ரெக்கார்டர் கட்டிவைக்கறேன். இந்தக் குரல் வரலைன்னா உங்க நிலத்த விட்டுடறோம். வந்துச்சுன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா."

மறுநாள் விடிந்தும் விடியாமலும், தியாகேசன் ரெக்கார்டர் கட்ட வருமுன்னே, அவள் போய் வரப்பில் நின்றாள். பனி இறங்கிக் கிடந்தது. வாய்க்கால் பக்கமிருந்து சீழ்க்கை வந்தது. அங்கே ஆள் இல்லை, குருவியும் இல்லை, ஒரு நாணல்கூட அசையவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. பயந்தாளா என்றால், பயந்தாள்தான். அந்தப் பக்கமாக ஓடிவிடலாம் போல ஆசையும் இருந்தது.

"ந்தாய்யா, நல்லாருக்கியா?" என்றாள். "நீ கூப்பிடக் கூப்பிட நம்ம நெலம் போவுதுய்யா. ஒம் புள்ளைங்க எதத் திங்கும்? போதும். இனிமே கூப்பிடாத."

பாதிச் சீழ்க்கையில் சத்தம் நின்றது.

மாசம் முடிந்ததும் தியாகேசன் பதிவு அத்தனையும் அவள் கையிலேயே கொடுத்தார். தவளைச் சத்தம், காற்று, தூரத்துப் பஸ் ஹாரன், அவ்வளவுதான். நிலம் விடுபட்டது. தெருவே மிட்டாய் வாங்கித் தின்றது. அம்சவல்லி மட்டும் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னம்மா இது, ஜெயிச்சுட்டீங்களே?" என்றார் தியாகேசன்.

"குடிக்காதய்யான்னேன், கேக்கல. காச்சலோட தண்ணியில எறங்காதன்னேன், கேக்கல. ஆயுசுக்கும் எம் பேச்சு ஒண்ணக்கூடக் கேக்காத மனுசன் சார். இதப் போயி கேட்டுட்டாரே!"