கைக்குத் தட்டுப்படாதது

“கைக்கே தட்டுப்படல, அப்புறம் எதுக்குடி கத்தி?”

“மெதுவாப் பேசுக்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். இந்த விரல வச்சுத்தான் நான் சோறு திங்கறேன்.”

ஸ்கேன் அறைக்கு வெளியே, அக்கா தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். முதுகில் கை வைத்ததுமே எந்தத் தசை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அம்மாவைக் குளிப்பாட்டும்போது, சோப்பு நுரைக்கு அடியில் கூழாங்கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டதும் அந்த விரல்களுக்குத்தான். அப்போதே காலம் கடந்திருந்தது. அம்மா போன பிறகு மாதம் ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் தன் மார்பையும் பிறகு தங்கையின் மார்பையும் தடவிப் பார்ப்பாள். “ஒண்ணுமில்ல, போ” என்பாள். தங்கைக்கு அது போதும். அடுத்த மாதம் வரை அவள் எதற்கும் பயப்பட மாட்டாள். வீட்டிலேயே இப்படி ஒரு கை இருக்கும்போது ஸ்கேனுக்கு யார் போவார்கள்?

அக்கா வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் எடுத்த மார்புப் படத்தில்தான், அவளுடைய இடது மார்பில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்து, புற்றுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளே, டாக்டரம்மா ஊசியைக் காட்டினார். “இதுக்குள்ள இருக்கற மார்க்கர் ஒரு அரிசியில பாதிகூட இருக்காதும்மா. கட்டிக்குள்ள வச்சிடுவோம். ஆபரேஷன்ல சர்ஜன் ஒரு கருவிய மேல கொண்டுபோனா, கிட்ட வந்ததும் அது கத்தும். கத்துற எடத்துல வெட்டுவாங்க.”

“கத்துறதுக்கு நான் ஒருத்தி போதாதா டாக்டர்?”

தங்கை சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

திரையில் மழை வழியும் கண்ணாடி போல ஒரே சாம்பல். நடுவில் கறுப்பாக ஒரு சிறு திட்டு. வெள்ளைக் கோடாக ஊசி அதைத் தேடிப் போய்த் தொட்டு, திரும்பி வந்தது. மார்க்கர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று டாக்டரம்மா கருவியை இடது மார்பின் மேல் நகர்த்தினார். பெட்டிக்குள் அடைபட்ட குஞ்சுப் பறவை போல அது கீச்சிட்டது.

“நான் தொட்டுப் பாக்கலாமா?”

கருவி கத்திய இடத்தில் அக்கா மூன்று விரல்களை வைத்தாள். கண்களை மூடினாள். விரல்கள் அழுத்தின, வட்டமிட்டன, இன்னும் ஆழமாகத் தேடின. பிறகு அசையாமல் நின்றன.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

மாதாமாதம் சாத்திய கதவுக்குப் பின்னால் தங்கை கேட்கும் அதே குரல். அதே நிச்சயம்.

அக்கா கண்களைத் திறந்தாள். சுவரோரம், அவள் கழற்றிக் கொடுத்த துணிகளை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்தாள். விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“நீயும் ஒரு படம் எடுத்துக்கடி. இன்னிக்கே.”