கை காட்டும் இடம்

காலையிலிருந்து அவள் கணவன் மூன்று முறை முகம் மழித்துவிட்டான்.

"தோலையும் சேத்து எடுத்துடாதீங்க. லைசென்ஸ்ல இருக்குற ஆள் நீங்கதான்னு தெரிய வேணாமா?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் ஒரு குரலாவது கேட்டுக்கொண்டிருக்கட்டுமே என்றுதான் பேசுவாள்.

ஆறு வருடம் ராணுவ லாரி ஓட்டியவன். எல்லையில் சண்டை இன்னும் ஓயவில்லை. நான்கு மாதத்துக்கு முன் இவனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. 'ஓய்வு தேவை' என்று காகிதத்தில் எழுதியிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் ஓய்வெடுத்து எடுத்தே ஆள் பாதியாகிவிட்டான். இன்னும் ஒரு மாதம் அங்கேயே விட்டால் எழுந்திருக்கவே மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. அவள் டவுன் பஸ் கண்டக்டர். டிரைவர்களில் பாதிப் பேர் போருக்குப் போய்விட, பணிமனையில் ஆள் தட்டுப்பாடு. நடையாய் நடந்து இந்தச் சோதனை ஓட்டத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். தேறினால் நாளைக்கே வேலை.

ஏழாம் எண் பஸ். ஸ்டாண்டிலேயே கொஞ்சம் பேர் ஏறியிருந்தார்கள். டிரைவருக்குப் பின் இருக்கையில், சோதனை செய்ய வந்த செக்கர், அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இன்னைக்காவது கதவ சாத்துவியா? மூணு மெமோ வாங்கியாச்சு."

"கை வரமாட்டேங்குது சார்."

"அப்ப கதவ கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

முதல் நிறுத்தத்தில் ஏற ஆளே இல்லை. அவள் ஒரு விசில் ஊதினாள். வண்டி குலுங்காமல் நின்றது. "பரவாயில்லையே, தூங்குறவன் கூட முழிக்க மாட்டான்" என்று செக்கர் எழுதிக்கொண்டார். அவளுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது நிறுத்தத்தில் நான்கைந்து பேர் நின்று கை காட்டினார்கள். அவள் விசில் ஊதினாள். வண்டி நிற்கவில்லை. வேகம் பிடித்தது. கைகள் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயின.

"யோவ், நான் இறங்கணும்யா!" என்று ஒரு பெரியவர் கத்தினார். "இது பஸ்ஸா, பீரங்கிக் குண்டா?"

மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில் ஒருத்தி தோளில் குழந்தையோடு ரோட்டிலேயே இறங்கி நின்று இரண்டு கையையும் தூக்கினாள். வண்டி அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு பறந்தது. பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டே அவள் தன் கணவனின் பிடரியைப் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருமுறை காய்ச்சலில் அவன் உளறியிருந்தான். வரிசையாகப் போகும் லாரிகளுக்கு ஒரே சட்டம்: குறுக்கே எவர் நின்றாலும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பின்னால் வருகிற எல்லோரும் செத்தார்கள். 'கையத் தூக்கிட்டுத்தான் நின்னாங்க' என்றும் சொன்னான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆறு வருடச் சட்டத்தை ஒரு விசில் எப்படி அழிக்கும்? இது ஏன் முன்பே தன் புத்திக்கு எட்டவில்லை?

அடுத்த நிறுத்தத்துக்கு வெகு முன்பே, ஆளில்லாத ஒரு சுவரோரம் அவன் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

"என்னால ஆகாது. எழுதிக்குங்க சார்."

செக்கர் கோபமாகத்தான் எழுந்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், நான் கதவு சாத்தாததுக்கு காரணம் கேட்டீங்கல்ல. சந்தைல குண்டு விழுந்த அன்னைக்கு போலாம்னு ரெண்டு விசில் குடுத்து கதவ சாத்தினது நான்தான். வெளிய ஒரு பொம்பளையோட விரல் இடுக்குல இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சாத்தினேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். வீடு வந்த பிறகு அவளை முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

செக்கர் பயணிகளை வேறு வழியாக வந்த ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். களைப்பாக உட்கார்ந்தார்.

"தம்பி, ஃபெயில்னுதான் போடணும். வேற வழியில்ல. மனுஷங்கள ஏத்தற வேலை இது." பேனாவை மூடினார். "ராத்திரி கழுவுன வண்டிங்கள ஷெட்டுல நிறுத்த ஒரு ஆள் வேணும். அங்க எவனும் கை காட்ட மாட்டான். வர்றியா?"

அவன் தலையசைத்தான்.

"அப்ப இத டெப்போவுக்கு விடு. இத ஓட்ட எனக்கு வேற யாரு இருக்கா?"

வெறும் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு அதே நிறுத்தங்கள் வழியாகவே டெப்போவுக்குத் திரும்பியது. வழியில் அதே குழந்தைக்காரி இன்னும் நின்றிருந்தாள். பஸ்ஸைக் கண்டதும் கை தானாக உயர்ந்தது. பஸ்ஸுக்குள் அவள் விசிலை வாயில் வைக்கவில்லை. வண்டி அந்தப் பெண்ணைத் தாண்டியது. முப்பது அடி போய், உறுமி, நின்றது.

அந்தப் பெண் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"

"ஆமாக்கா, பாத்து ஏறுங்க" என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

செக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவன் ஸ்டியரிங்கை விடாமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறிட்டாங்களா?" என்றான்.

"ஏறிட்டாங்க. மெதுவா எடுங்க."

கதவைத் திறந்தபடியே விட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.