இரு கால்களும் விளங்காத மணியன்

எண்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு காலையில் இரு கால்களும் விளங்காத மணியன் ஒன்பது மைல் நடந்து வந்து என் டைப்ரைட்டர் முன்னால் நின்றான்.

நான் சௌந்திரம். தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பவள். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, விதவை உதவி, எதுவானாலும் என் விரலுக்குத் தெரியும். வருகிறவர்கள் கதை சொல்ல ஆரம்பிக்கும்போதே நான் பாதி அடித்து முடித்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வந்தவனுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக மிசினைப் பார்த்தான். மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"இது உங்க மிசின்ல அடிச்சதுங்க. 'ள' மட்டும் மேல ஏறி நிக்குது பாருங்க."

பார்த்தேன். ஆமாம், ஏறித்தான் நின்றது. அது ஒரு வருஷத்துக்கு முன்னால் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு, அவன் தாய் ஆத்தாயி என்னிடம் எழுதி வாங்கிப் போன மனுவின் நகல். அதில் இப்படி இருந்தது: 'என் மகன் மணியன் இரு கால்களும் விளங்காத நிலையில் நடமாட்டமின்றிப் படுத்த படுக்கையாய் உள்ளார்.'

எனக்கு அந்த அம்மாவை லேசாக ஞாபகம் வந்தது. "என்ன கொறைங்க பையனுக்கு?" என்று கேட்டதற்கு, "சொல்லத் தெரியலீங்க அம்முணி. கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு எடத்துல வேலைக்கு நிக்க முடியறதில்லீங்க" என்றாள். அப்படியெல்லாம் எழுதினால் எந்த ஆபீசர் படிப்பான்? ஊனமுற்றோர் மனு என்றால் இரு கால்களும் விளங்காது என்று போடுவதுதான் எங்கள் வாசலில் வழக்கம். எனக்கு முன்னால் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரும் அப்படித்தான் போட்டார். ஒரு வரியில் இரக்கம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மணியன் சொன்னான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி விசாரிக்கப் போன நேரத்தில், இவன் இரண்டு கையிலும் இரண்டு குடம் தண்ணீரோடு கிணற்றிலிருந்து ஏறி வந்திருக்கிறான். "நடக்க முடியுமா?" "முடியுங்க." "வேலை செய்ய முடியுமா?" "முடியுங்க." அவர் எழுதிவிட்டார்: 'மனுவில் கண்டது முழுப் பொய். மனுதாரர் திடகாத்திரமாக உள்ளார். நிராகரிக்கலாம்.' நிராகரித்தும் விட்டார்கள். அந்தக் காகிதம் வந்த மாசமே ஆத்தாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"இப்ப அண்ணன் என்னய ஜலகண்டாபுரத்துக்கு வரச் சொல்றாருங்க" என்றான். "அண்ணன் ஊட்டுக்குள்ளயே ஆறு தறி ஓடுதுங்க. கரண்டுத் தறி. அந்தச் சத்தத்துல என்னால இருக்க முடியாதுங்க. ஒருக்கா ரெண்டு நாள் இருந்தேன். செவுத்துல தலைய முட்டிக்கிட்டேன்."

அண்ணன் சின்னுசாமி கெட்டவர் இல்லை. உதவித்தொகை வந்தால் பக்கத்து வீட்டுச் சாலம்மாள் அதை வாங்கிக்கொண்டு சோறு போடச் சம்மதித்திருக்கிறாள், தம்பி தாயின் வீட்டிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் தைப்பூசத்தன்று வந்து கூட்டிப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பியைப் பட்டினி போட அவருக்கு மனசில்லை.

என் வரிதான் இவன் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பேப்பரை மிசினில் ஏற்றினேன்.

"கவலப்படாத மணியா. மேல் மனு போடுவோம். முன்னால கால் விளங்காம இருந்துச்சு, இப்பத்தான் வைத்தியம் பாத்துக் கொஞ்சம் நடக்கறேன்னு போட்டரலாம்."

"அது பொய்யுங்க."

"ஊரே அப்படித்தான் எழுதுது."

"நான் நடந்துதானுங்க வந்தேன்" என்றான்.

கோபம் வந்தது எனக்கு. இத்தனை வருஷத்தில் யாரும் என் மனுவைத் திருத்தியதில்லை. இவன் அன்று பொழுது சாயும் வரை உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தினான். 'கண்ணீருடன்' என்று அடித்தால், "நான் அழுகலீங்க" என்றான். 'அனாதை' என்றால், "அண்ணன் இருக்காருங்க" என்றான். ஏழு பேப்பரைக் கிழித்தேன். எட்டாவதில் அவன் சொன்னதை அப்படியே அடித்தேன். அடிக்க அடிக்க என் கோபம் எங்கேயோ போய்விட்டது.

மொத்தம் பதினோரு இடத்தில் வேலை பார்த்திருக்கிறான். எந்த நாள் சேர்ந்தான், எந்த நாள் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். ஆத்தூர் சேகோ ஆலையில் ஜவ்வரிசி காயவைக்கும் வேலை. மணி அடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போனால் இவன் மட்டும் காயப்போட்ட வரிசை நேராகும் வரை எழுந்திருக்க மாட்டான். கையைப் பிடித்து இழுத்தால் கத்துவான். பத்தொன்பது நாள். லாரி பாடி கட்டும் பட்டறையில் சுத்தியல் சத்தம் தாங்காமல் அரை நாள். கோழிப்பண்ணையில்தான் அதிகம், நாற்பத்து நாலு நாள். முதலாளி வியாபாரியிடம் "இன்னிக்கு எடுத்த முட்டைங்க" என்று சொல்ல, இவன் பக்கத்திலிருந்து, "நாலு நாளாச்சுங்க" என்றிருக்கிறான். அதோடு சரி.

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "நாலு நாள்தானுங்க" என்றான் மறுபடியும்.

கையெழுத்துப் போட்டு எழுந்தவனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "மொத மனுவ எழுதுனது நான்னு மட்டும் அங்க சொல்லீராத. என்னை இந்த வாசல்ல ஒக்கார உடமாட்டாங்க. என் பொழப்பு போயிரும்."

"நானாச் சொல்ல மாட்டனுங்க. கேட்டாச் சொல்லுவேன்" என்றான்.

கார்த்திகை மாதம் விசாரணைக்கு அழைத்தார்கள். சின்னுசாமியால் தறியை விட்டு வர முடியவில்லை, அதனால் நான் துணைக்குப் போனேன். பெரிய ஆபீசர் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய காகிதக் கட்டைப் புரட்டினார். தீர்த்தகிரி பக்கத்தில் நின்றார். மேலே ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மணியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். ஆபீசர் முறைத்தார். நான் போய்க் கேட்காமலே ஃபேனை நிறுத்தினேன். அவன் கையை இறக்கினான்.

"நடக்க முடியுமா?"

"முடியுங்க."

"வேலை செய்ய முடியுமா?"

"முடியுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிப் பேனாவை மூடினார். "அப்புறம் எதுக்குய்யா மேல் மனு?"

மணியன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேல செய்ய என்னால முடியுங்க. வேலைக்கு வெச்சுக்கத்தான் அவுங்களால முடியலீங்க. பதினோரு எடம் எழுதியிருக்கறனுங்க. இவுரு என்னயக் கேட்டாரு. அவுங்களக் கேக்கலீங்க."

ஆபீசர் தீர்த்தகிரியைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தார். எங்கள் தாலுகாவில் ஒரு மனுவை முழுசாகப் படித்த ஆபீசரை நான் அன்றுதான் பார்த்தேன். முட்டை வந்த இடத்தில் அவர் மீசை லேசாக அசைந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே பழைய மனுவைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல கால் விளங்காதுன்னு இருக்கே. ஒரு தடவ பொய் சொன்னவன் இப்ப சொல்றத எப்படி நம்பறது?"

"நான் சொல்லலீங்க. எங்க ஆத்தாளும் சொல்லலீங்க."

"பின்னே யாரு சொன்னது?"

கேட்டுவிட்டார். அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் அவன் விரல்கள் சட்டை நுனியை முறுக்க ஆரம்பித்தன. எனக்காக அவன் திண்டாடுகிறான் என்று புரிந்தது. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"நான்தானுங்க சார்" என்றேன். "அந்தம்மா கை காலெல்லாம் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுச்சு. நான்தான் வழக்கம்போல அடிச்சுட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் வாசல் பக்கம் வரக் கூடாது என்றார். எதிரே டீக்கடைப் பந்தலுக்கு மிசினைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் பதினோரு இடத்திலும் நேரில் விசாரித்து வரும்படி தீர்த்தகிரிக்கும் உத்தரவாயிற்று. அந்த மனுஷனைச் சும்மா சொல்லக் கூடாது, பதினோரு இடமும் போய் வந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு இவன் நிலைக்குப் பெயர் தெரியவில்லை. 'எந்த வேலையிலும் நீடிக்க இயலாதவர்' என்று எழுதிக் கொடுத்தார்.

மார்கழி கடைசியில் உத்தரவு வந்தது. உதவித்தொகை சாங்ஷன் ஆகிவிட்டது. மணியன் அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். நான் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னேன். அவன் காகிதத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். உள்ளே இருந்த குமாஸ்தா பழைய கட்டைப் பார்த்து அடித்திருக்கிறார்: 'இரு கால்களும் விளங்காத மேற்படி மணியனுக்கு...'

"இதத் திருத்தோணுமுங்க."

"டேய் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "திருப்பி அனுப்புனா பணம் நின்னு போகும். தைப்பூசத்துக்கு இன்னும் இருவது நாள்தான் இருக்குது. உங்கண்ணன் வந்து கூட்டிப் போயிருவாரு. தறிச் சத்தம் மறந்து போச்சா?"

"மறக்கலீங்க" என்றான். குரல் நடுங்கியது. "எங்க ஆத்தா பொய் சொன்னான்னு கட்டுல எழுதி வெச்சிருக்காங்க. இத வாங்கினா அது நெசமாயிருமுங்க."

நான் பேப்பரை ஏற்றினேன். திருத்தம் கேட்டு அடித்து, உத்தரவோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். அவனைப் போல ஒருத்தனை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை.

தைப்பூசத்தன்று சின்னுசாமி வந்து கூட்டிப் போய்விட்டார். போகிற வழியில் என்னிடம் வந்து, "வந்த சோத்தத் தட்டியுட வெச்சுட்டீங்களே" என்று கத்தினார். கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் திருத்திய உத்தரவு வந்தது, தந்தி அடித்தேன். மறுநாளே அவர் தம்பியைக் கூட்டி வந்தார். மணியன் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. சின்னுசாமி என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே அவன் அங்க வர வேண்டாமுங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

மணியன் உத்தரவை எழுத்தெழுத்தாகப் படித்தான். 'எந்த வேலையிலும் நீடிக்க இயலாத மேற்படி மணியனுக்கு. முதல் மனுவில் கண்ட பிழை மனுதாரருடையதோ அவர் தாயாருடையதோ அல்ல.' இரண்டு முறை படித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

"அதா பஸ் வருது, ஏறிக்க" என்றேன்.

"ஆரன் சத்தமுங்க" என்றான். "வாரேனுங்கக்கா."

ஒன்பது மைல். நடந்தே போனான்.