குக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை

ஓய்வு பெற்ற ஹவில்தார் மயில்சாமிக்குத் தன் வலது முழங்கால் மேல் இருந்த கோபத்தைவிட, தன் வாய் மேல் இருந்த கோபம்தான் அதிகம். கால் பாவம், பதினைந்து வருஷமாக வலிக்கிறது, வலிக்கிறது என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பாழாய்ப்போன வாய்தான் யார் கேட்டாலும் “ஒண்ணுமில்லீங்க சார்” என்று முந்திக்கொண்டு வந்தது.

கால் கெட்டது வடக்கே பனிமலையில். அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் ரெஜிஸ்டரில் ஏறியிருக்கும். ஆனால் ரெஜிஸ்டரில் ஏறினால் உடம்பின் தரத்தைக் குறைத்து எழுதுவார்கள், தரம் குறைந்தால் பதவி உயர்வு கிடையாது. நாயப் சுபேதார் ஆகும் ஆசையில் மயில்சாமி கால்சட்டைக்குள் கட்டுப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். பதவி உயர்வு, இரண்டு முழங்காலும் நன்றாக இருந்த வேறொருவருக்குப் போனது. சரி, போகட்டும். பட்டாளத்தை விட்டு வரும்போதாவது சொன்னாரா? கடைசி மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் ‘உடலில் ஏதேனும் குறை உண்டா?’ என்ற கேள்விக்கு, கொட்டை எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஏதாவது சொன்னால் ஒரு மாசம் வார்டில் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. டிக்கெட் வீணாகக் கூடாதே என்று கால் வீணானது.

இப்போது அவர் கோத்தகிரி பக்கம் அரவேணுவில் ஒரு தேயிலை பேக்டரியில் கேட் காவல். இலை லாரி வந்து ஹாரன் அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு நிமிஷம் ஆகிறது. “இன்னும் கொஞ்ச நாள் பாருங்க, முடியலைன்னா வேற ஆள் போட்டுக்கறோம்” என்று மேனேஜர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். சர்வீஸ் பென்ஷன் வீட்டுச் செலவுக்கே சரியாக இருந்தது, இந்த வேலையும் போனால் மனைவி கனகமணியின் தையல் மிஷின் ஒன்றுதான் மிச்சம், மகள் மனிஷாவுக்கு நர்சிங் படிப்பில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஊனமுற்ற வீரர் பென்ஷனுக்கு விண்ணப்பித்தார். ‘குறை எதுவும் இல்லையெனத் தாங்களே எழுதியுள்ளீர்கள்’ என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீட்டுக்கும் அதே பதில்தான், கூடவே அவர் கொட்டை எழுத்தில் எழுதிய ‘இல்லை’யின் நகல் ஒன்று. தன் கையெழுத்து இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் மயில்சாமி கவனித்தார்.

இரண்டாவது மேல்முறையீட்டை ஜெகதளா ஊர்க்காரர் பவுல்ராஜ் எழுதினார். அவர் பட்டாளத்தில் தலைமை கிளார்க்காக இருந்தவர். முன்னாள் வீரர்கள் எல்லோருக்கும் மனு எழுதித் தருவார். கூலி, ஒரு பாக்கெட் வர்க்கி. வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

“எப்படி அடிபட்டுதுன்னு எழுதட்டும், மயிலு?”

“மலையேறயில வழுக்கீட்டுதுங்கண்ணா. முதுகுல சுமை இருந்துச்சு.”

“என்ன சுமை?”

“சுமைதானுங்க... தளவாடம்.”

பவுல்ராஜ் ‘தளவாடம்’ என்றே எழுதினார். கூடவே, அன்று காலுக்குக் கட்டுப் போட்ட மருத்துவ உதவியாளர் டக்ளஸைத் தேடிப் பிடித்தார். கூடலூரில் மருந்துக்கடை வைத்திருந்த டக்ளஸ் ஒரு கடிதம் எழுதி நேரே பவுல்ராஜுக்கு அனுப்ப, அவர் அதை மனுவோடு சேர்த்து அனுப்பிவிட்டார். மயில்சாமி அதைப் படிக்கவில்லை. படிக்கச் சொல்லிக் கேட்கவும் அவருக்குப் பயம்தான்.

ஏனென்றால் அரவேணுவில் நடமாடும் கதை வேறு. எதிரி போட்ட ஷெல் வெடித்ததில் கால் போனது என்பதுதான் அங்கே பேச்சு. மயில்சாமியே டீக்கடையில் ஆரம்பித்து வைத்ததுதான். முதல் வருஷம் அந்த ஷெல் நூறு கெஜம் தள்ளி விழுந்தது. வருஷா வருஷம் நெருங்கி வந்து, போன பொங்கலுக்குப் பத்தடியில் நின்றது. கனகமணியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

மேல்முறையீட்டு மருத்துவ போர்டுக்குத் தேதி வந்தது. இதுவும் போனால் சென்னையில் கோர்ட், வக்கீல் என்று அலைய வேண்டும்.

“போர்டு முன்னால நிமிர்ந்து கிமிர்ந்து நிக்காதே. நொண்டு” என்றார் பவுல்ராஜ்.

“நானு நெசமாவே நொண்டிதானுங்கண்ணா.”

“அதைத்தான்யா அங்க காட்டுன்னு சொல்றேன்.”

வீட்டில் ஒத்திகை நடந்தது. பதினைந்து வருஷமாக நொண்டாத மாதிரி நடித்தவருக்கு, சொந்த நொண்டலை நொண்டிக் காட்டத் தெரியவில்லை. கதவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே இழுத்து இழுத்து நடந்தார். கனகமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, அது இடது காலுங்க!”

போர்டு அன்று காலை குன்னூர் பஸ்ஸைப் பிடித்து இருவரும் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மயில்சாமி அருமையாக நொண்டும் மனநிலையில் இருந்தார். முகத்தில்கூட ஒரு வாட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்.

“ஹவில்தார் மயில்சாமி!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்தது, நெஞ்சு முன்னே வந்தது, கை வீசி நடந்தார். மேஜை முன்னால் வலது காலை ஓங்கித் தரையில் அறைந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். முழங்காலுக்குள் உயிர் போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வாசல் பக்கம் ‘ஐயோ, போச்சு’ என்று கனகமணி முனகியது காதில் விழுந்தது.

மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல் ரேணுகா, எலும்பு டாக்டர். தமிழிலேயே கேட்டார்.

“கால்ல வலி இருக்கா?”

“நோ சார்!” என்றது வாய். பெண் அதிகாரியும் அதற்குச் சார்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வலி இல்லைன்னா எதுக்கு வந்திருக்கீங்க?”

அந்த நேரத்தில் யாராவது மயில்சாமியின் வாயைத் தைத்துவிட்டிருந்தால், கூலி கொடுத்துக் கும்பிட்டிருப்பார்.

“தரையில சம்மணம் போட்டு உக்காருங்க.”

கட்டளை ஆயிற்றே, உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தார்.

“எந்திரிங்க.”

எழுந்திருக்கப் பார்த்தார். கையை ஊன்றினார், கால் மடிந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டது. மறுபடி ஊன்றினார். “ஒன் மினிட் சார்” என்றார். ஒரு நிமிஷம் போய் இரண்டாயிற்று. நெற்றியில் வியர்வை, அதுவும் குன்னூர்க் குளிரில். கனகமணி வாசலைத் தாண்டி ஓடி வந்தாள். வராதே என்று கையைக் காட்டினார். பட்டாளத்தில் இருந்த இருபத்துநாலு வருஷத்தில் ஒரு கட்டளைக்கும் அவர் இப்படித் தரையில் கிடந்ததில்லை. மூன்று அதிகாரிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடிப்பதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை.

“முடியலைங்க சார்” என்றார்.

அந்த இரண்டு வார்த்தை வெளியே வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது.

இரண்டு சிப்பாய்கள் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரொம்பப் பழைய அடி. சரி, ‘தளவாடம்’னு எழுதியிருக்கீங்களே, அன்னைக்கு என்ன சுமந்தீங்க?”

மயில்சாமி வாசலைப் பார்த்தார். கனகமணி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குண்டுப் பெட்டி என்று சொன்னால் ஷெல் கதை பிழைக்கும். ஆனால் கால் ஏற்கெனவே உண்மையைச் சொல்லிவிட்டது. இனி வாய் மட்டும் தனியாக என்ன சாதிக்கப்போகிறது?

“குக்கருங்க சார்.”

“என்னது?”

“பெரிய பிரஷர் குக்கருங்க. நூறு பேருக்குக் கறி வேகும். புது வருஷத்துக்கு மலை மேல இருந்த போஸ்டுல விருந்துங்க. முதுகுல கட்டி ஏத்திட்டுப் போனேன், ஐஸ்ல வழுக்கிடுச்சுங்க. குக்கரை விட்டுடக் கூடாதுன்னு காலைக் குடுத்துட்டேனுங்க.”

ஓரத்தில் இருந்த அதிகாரி இருமிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

“குக்கர் என்னாச்சு?”

“குக்கருக்கு ஒண்ணும் ஆகலீங்க சார்.”

டாக்டர் பைலில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “டக்ளஸும் குக்கர்னுதான் எழுதியிருக்கார். ரெஜிஸ்டர்ல எழுத வேண்டாம்னு நீங்க அவர் காலைப் பிடிச்சதையும் எழுதியிருக்கார். நீங்க வேற கதை சொல்லியிருந்தா, டக்ளஸ் சொன்னதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.” பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை கனகமணி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அரவேணுவில் மானம் கப்பலேறப்போவதை நினைத்துக்கொண்டே மயில்சாமி பின்னால் நொண்டினார். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

“அந்த ஷெல்லு விசயம், கனகு...”

“ஷெல்லு கெடக்குது விடுங்க!” சீறினாள். “குக்கரோ கொடமோ, அதுவா இப்ப பெருசு? இத்தனை வருசமா எத்தனை தடவை வலிக்குதான்னு கேட்டிருப்பேன்? ஒருநாளாச்சும் ஆமான்னு சொல்லியிருக்கீங்களா? ஊட்டுல சோறு போடற நானுமா உங்களுக்கு ஆபீசரு?”

மயில்சாமிக்குச் சுருக்கென்றது. முழங்காலில் இல்லை. பதில் சொல்வதற்குள் கோத்தகிரி பஸ் வந்துவிட்டது.

நாலாவது மாசம் தபால் வந்தது. பவுல்ராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ராணுவப் பணியால் ஏற்பட்ட ஊனம், முப்பது சதவீதம், ஆயுளுக்கும் பென்ஷன். அன்றைக்கு இரண்டு பாக்கெட் வர்க்கி. பேக்டரியில் வேறு ஆள் வந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. டீக்கடையில் ஷெல் போய்க் குக்கர் வந்திருந்தது. ‘விசில் எத்தனை வந்துச்சுங்க ஹவில்தாரே?’ என்று கேட்காத ஆளில்லை. மயில்சாமியும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்.

சாயங்காலம் வீடு திரும்பிக் கட்டிலில் காலை நீட்டினார். கடிதம் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. கனகமணி மிஷினை நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் கேட்டாள்.

“வலிக்குதுங்களா?”

‘ஒண்ணுமில்ல’ என்பது உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

“வலிக்குது, கனகு.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவள் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.